மாங்காயில் ஏது புகை

சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பதி பஸ் நகர்வதற்கு முன்பே கிளாட்வின் மூன்று பேருக்கு மார்க் போட்டு முடித்திருந்தார். ஜன்னலோர சீட், மடியில் சாப்பாட்டுப் பை, கையில் போன். மாணவன் அனுப்பிய அறிக்கையை எடுக்க வேண்டியது, ஏ.ஐ. செயலிக்குள் தள்ள வேண்டியது, "ஐம்பதுக்கு மார்க் போடு, நாலு வரியில் கருத்து எழுது" என்று கேட்க வேண்டியது. கேட்டு வாயை மூடுவதற்குள் மார்க்கும் வந்துவிடும், கருத்தும் வந்துவிடும். அதை அப்படியே எடுத்துக் கல்லூரிப் போர்ட்டலில் ஒட்டிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட வேண்டியது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற வேகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கண்டக்டராவது ஏறின ஆளை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்.

கிளாட்வினைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் அது பாவம். திருப்பதியில் ஒரு தனியார் டிகிரி கல்லூரியில் வணிகவியல் வாத்தியார். சேர்ந்தபோது இரண்டு செக்‌ஷன், இப்போது ஐந்து. சம்பளம் மட்டும் சேர்ந்த இடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒப்பந்தத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதற்காக மே மாத வெயிலில் வீடு வீடாகப் போய், "உங்க புள்ளைய எங்க காலேஜுல சேருங்கம்மா" என்று புடவை விற்பவனைப் போல நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோவிலில் பிரசங்கம் தொடங்கியதும் அவர் தலை தொங்கிவிடும். பாஸ்டர் ஐயா கண்டும் காணாதது மாதிரி வேறு பக்கம் பார்த்துப் பேசுவார். அவ்வளவு அசதி.

அப்படிப்பட்டவருக்கு ஐந்து செக்‌ஷன் அறிக்கைகளையும் ஒரு பஸ் பயணத்தில் திருத்தித் தருகிறேன் என்று ஒரு செயலி வந்து நின்றால், வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா? முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. சந்திரகிரிக் கோட்டை கண்ணில் படுகிறபோது அன்றைய வேலை முடிந்திருக்கும். மிச்சத் தூரத்துக்குத் தூங்குவார்.

அந்த வருஷம் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கள ஆய்வு கொடுத்திருந்தார்கள். மாங்காய் சீசனில் ஊருக்குப் போய் விவசாயிகளைப் பார்த்துப் பேசி, அவர்களுக்குச் சந்தையில் என்ன கஷ்டம் என்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். எல்லோருமே பிரமாதமாக எழுதியிருந்தார்கள். செயலி வாரி வழங்கியது. "சூட் பிரச்சினையை மாணவர் ஆழ்ந்த சுற்றுச்சூழல் அக்கறையுடன் அணுகியுள்ளார்" என்கிற மாதிரி ஆங்கிலக் கருத்து அன்று காலையில் மட்டும் நாலைந்து பேருக்கு வந்தது. கிளாட்வின் அதையெல்லாம் அரைக்கண்ணால் பார்த்து ஒட்டிக்கொண்டே போனார்.

கல்லூரி வாசலில், 'செயற்கை நுண்ணறிவால் இயங்கும் வளாகம்' என்று பெரிய பேனர் கட்டியிருந்தது. அதற்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. பழைய ரெக்கார்டுகளையும் அசைன்மென்டுகளையும் காப்பி போட்டு விற்று அமோகமாக ஓடிய கடை. ஏ.ஐ. வந்த பிறகு அந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் போவதில்லை. கடைக்காரர் இப்போது இளநீர் வெட்டுகிறார்.

பேனர் கட்டின கையோடு நிர்வாகம் இன்னொரு மிஷினும் வாங்கியிருந்தது. அறிக்கையை உள்ளே விட்டால், எழுதியது மனுஷனா மிஷினா என்று அது சொல்லும். மனுஷன் என்றால் பச்சை, மிஷின் என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் மார்க் பூஜ்யம். ஆக, ஒரு மிஷின் எழுதுகிறது, இன்னொரு மிஷின் பிடிக்கிறது, மூன்றாவது மிஷின் மார்க் போடுகிறது. பிள்ளைகளும் வாத்தியார்களும் நடுவில் சரக்கைக் கைமாற்றிவிடுகிற தரகர்கள்.

அன்று கிளாட்வின் வகுப்பில் ஒரே ஒரு சிவப்பு வந்திருந்தது. மோனிகா.

மதியம் சாப்பாட்டுப் பையைப் பிரிக்கும்போது ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். சித்தூரை ஒட்டிய குடிபாலா பக்கம், மாங்காய் விவசாயி வீட்டுப் பெண். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் அவளை எடுத்திருந்தார்கள். ஜூனில் டிகிரியோடு வந்து சேர வேண்டும். இந்த அறிக்கை பூஜ்யமானால் டிகிரி ஒரு வருஷம் தள்ளிப்போகும். கம்பெனி அவளுக்காக ஒரு வருஷம் நாற்காலி போட்டுக் காத்திருக்காது.

"சார், எனக்கு சிவப்புன்னு போட்டுக்குது. நான்தான் சார் எழுதனேன். போன்ல ஒரு வார்த்த கேக்கல."

"எல்லாரும் அத்தத்தாம்மா சொல்றாங்க."

"எல்லாருக்கும் பச்ச வந்துக்குது சார். அவங்க எதுக்கு வந்து சொல்லப்போறாங்க?"

கிளாட்வின் டப்பா மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். "மிஷின் சொல்லுதும்மா. நான் இன்னா பண்றது?"

"மிஷின் சொல்றது இருக்கட்டும் சார். நீங்க படிச்சீங்க இல்ல, உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "படிச்சேன், படிச்சேன். நல்லாத்தான் எழுதிக்கற."

பெண்ணின் முகம் தெளிந்தது. "சூட் பத்தி எழுதிக்கறேனே, அது சரியா வந்துக்குதா சார்? அத்த இங்கிலீஷ்ல சொல்றதுக்குத்தான் ரொம்ப கஷ்டப்பட்டேன்."

சூட். காலையில் பஸ்ஸில் நாலைந்து தடவை கண்ணில் பட்ட வார்த்தை. கிளாட்வின் சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டார். "அதான் ஹைலைட்டே. கரிப்புகை, காத்து மாசு, அது மாங்கா மேல படியறது... சுற்றுச்சூழல் அக்கறையோட எழுதிக்கற."

மோனிகா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "புகையா சார்?" என்றாள்.

"ஆமாம்மா. சூட்னா கரி இல்ல?"

"நீங்க சித்தூருதானே சார்?" என்று கேட்டாள். அதில் கேலி இல்லை. வழி தவறி வந்த ஆளிடம் ஊர் பெயரை விசாரிக்கிற குரல். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அவள் படியிறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கிளாட்வினுக்கு உறைத்தது.

சித்தூர் பக்கத்து மாங்காய் மண்டிகளில் சூட் என்றால் புகை இல்லை. ஒரு டன் மாங்காய் இறக்கினால், அழுகல் இருக்கும், காம்பு இருக்கும், ஈரம் இருக்கும் என்று சொல்லி நூறு கிலோவை வியாபாரி சும்மா எடுத்துக்கொள்வார். மிச்சத்துக்குத்தான் விலை. அந்த நூறு கிலோவுக்குப் பெயர் சூட். கிளாட்வினின் அப்பா தேவானந்தம் சாகும்வரை மாங்காய் மண்டியில் குமாஸ்தா. வீட்டில் பெரியவன் வடையைக் கடித்துவிட்டுத் தம்பிக்குக் கொடுத்தால், "பாரு நைனா, சூட் புடிச்சிக்கினு குடுக்கறான்" என்று சின்னவன் அப்பாவிடம் கத்துவான். அப்படி வளர்ந்த மனுஷனுக்கு ஒரு குடிபாலாப் பெண் முன்னால் சூட் கரிப்புகையாகிவிட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் அவர் தூங்கவில்லை. மோனிகாவின் அறிக்கையைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தார்.

ஆங்கிலம் விறைப்பாக இருந்தது. பக்கத்துக்குப் பத்து இடத்தில் 'தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில்'. தெருவில் யாருக்குப் பட்டா மாறவில்லை, யாருக்கு பென்ஷன் வரவில்லை என்றாலும் மண்டல் ஆபீசுக்கு மனு எழுதிக்கொடுக்கிறவள் மோனிகாதான். அவளுக்குத் தெரிந்த எழுத்து ஆங்கிலம் அதுதான். அச்சு மாதிரி வந்து விழுகிற வாக்கியங்களைப் பார்த்து, மனுஷன் இப்படி எழுத மாட்டான் என்று மிஷின் முடிவு கட்டியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த விறைப்புக்குள் ஒரு வரி கிடந்தது. 'எடை போடும்போது விவசாயி எடை மிஷினைப் பார்ப்பதில்லை என்று தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன். அவர் வியாபாரியின் முகத்தைப் பார்க்கிறார்.' கிளாட்வின் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். மண்டியில் நின்று பார்க்காதவன் அதை எழுத முடியாது. அவரே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார், சொல்லத் தோன்றியதில்லை.

பிறகு மற்றவர்களுடையதைத் திறந்தார். நடந்தது விளங்கிவிட்டது. அவரும் இருக்கிற வகுப்பு வாட்சப் குழுவில் மோனிகா நல்ல மனசோடு ஒரு யோசனை போட்டிருந்தாள்: 'சூட் பத்தி எழுதுங்க, எல்லா விவசாயியும் அத்தத்தான் சொல்றாங்க.' பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் அந்த வார்த்தையைத் தட்டி, மாங்காய்க்கும் இதற்கும் என்ன பிரச்சினை என்று மிஷினைக் கேட்டிருக்கிறார்கள். மிஷினுக்குத் தெரிந்த சூட் ஆங்கில சூட், அதாவது கரிப்புகை. அது கரியாகவே கொட்டிவிட்டது. ஒருவன் மா விவசாயிகளுக்கு முகக்கவசம் சிபாரிசு செய்திருந்தான். ஒருத்தி மாங்காய்களை வாரம் ஒருமுறை மரத்திலேயே சோப்புத் தண்ணீரால் கழுவச் சொல்லியிருந்தாள். யஸ்வந்த் என்கிற பையன் தோப்புக்கு நடுவில் புகைபோக்கி கட்ட வேண்டும் என்று படத்தோடு விளக்கியிருந்தான். அவனுக்குத்தான் வகுப்பிலேயே அதிக மார்க். இத்தனைக்கும் பச்சை எப்படி வந்தது என்றால், மிஷின் எழுதினதை மனுஷன் எழுதினது மாதிரி மாற்றித் தருகிற ஒரு செயலியும் இலவசமாகக் கிடைக்கிறது.

கிளாட்வினுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். புகைபோக்கிக்குக் கீழே 'நடைமுறைக்கேற்ற சிறந்த தீர்வு' என்று கிளாட்வின் பெயரில் கருத்து இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் துறைத் தலைவர் பூவராகவனைக் கேன்டீனில் பிடித்தார். திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். சனிக்கிழமை தவறாமல் மலை ஏறுவார். மற்ற நாட்களில் கல்லூரியில் எதிலும் ஏற மாட்டார், இறங்கவும் மாட்டார். நின்ற இடத்தில் நின்றே காலத்தைத் தள்ளுகிறவர்.

கிளாட்வின் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு நீ மார்க் போட்டா மிஷின் தப்புன்னு ஆவும்" என்றார்.

"தப்புதானே சார்."

"மிஷின் தப்புன்னா அத்த வாங்கினவரு தப்பு. வாங்கினது யாரு?"

"கரஸ்பாண்டென்ட்."

"டீயக் குடி."

கிளாட்வின் குடிக்கவில்லை. "பொண்ணு வேல போயிடும் சார்."

"போவக் கூடாது, சரிலே. அதுக்கு வழி இருக்கு." பூவராகவன் குரலைத் தாழ்த்தினார். "அவளும் அந்த மனுஷன் ஆக்கற ஆப்புல போட்டுக் குடுக்கட்டும். பச்ச வந்துடும். உனக்குப் பிரச்சினை இல்ல, எனக்கு இல்ல, மிஷினுக்கும் மரியாத."

"சார், அவ நெஜமாவே மனுஷிதான்."

"அத்த மிஷினுக்கு யாரு சொல்றது? நீ படிக்கல, நானும் படிக்கல, மேல போனா அவங்களும் படிக்க மாட்டாங்க. பச்ச வந்தா போதும். போய்யா, அஞ்சு செக்‌ஷன் வச்சிக்கினு தர்மராஜா வேஷம் கட்டாத."

பேரம் என்று பார்த்தால் நல்ல பேரம்தான். யாருக்கும் நஷ்டம் இல்லை. கிளாட்வினும் களைத்துப்போயிருந்தார். களைத்த மனுஷனுக்கு எந்தக் கதவு திறந்திருந்தாலும் அது வீட்டுக் கதவு மாதிரி தெரியும். அவர் மோனிகாவைக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே அந்த யோசனையைச் சொன்னார்.

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தார். போடவில்லை.

"நான் எழுதனது நான் எழுதனதுதான்னு காட்டறதுக்கு மிஷின்கிட்ட போவணுமா சார்?"

"வேற வழி தெரியலம்மா."

"சரி சார். எனக்கு வேல வேணும்."

அங்கேயே, ஸ்டாஃப் ரூம் ஜன்னல் பக்கம் நின்று போனைத் தட்டினாள். ரேஷன் கடையில் ரேகை வைக்கிற மாதிரி, எந்த முகபாவமும் இல்லாமல். கொஞ்ச நேரத்தில் போனை அவர் பக்கம் நீட்டினாள். "பச்ச வந்துடுச்சு சார்."

கிளாட்வின் வாங்கிப் பார்த்தார். தாழ்மையுடன் சமர்ப்பிப்பதெல்லாம் போயிருந்தது. வாக்கியங்கள் வழுவழுவென்று, விமான நிலைய அறிவிப்பு மாதிரி ஓடின. அவர் கை தானாக அந்த வரியைத் தேடிக் கீழே கீழே போயிற்று. விவசாயி இல்லை. முகம் இல்லை. அந்த இடத்தில், 'எடையிடும் செயல்முறையில் பங்குதாரர்களிடையே நம்பிக்கைக் குறைபாடு காணப்படுகிறது' என்று இருந்தது. சூட்டும் போயிருந்தது. அது 'மாசு' ஆகிவிட்டது.

"இதுல உன் வரி எங்கம்மா? வியாபாரி முகத்தப் பாக்கறாருன்னு எழுதினியே?"

மோனிகா நிமிர்ந்தாள். "படிச்சீங்களா சார்?"

"நேத்து சாயந்திரம்தான் படிச்சேன். முன்னாடி படிக்கல. படிச்சேன்னு சொன்னது பொய்."

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். 'பரவால்ல சார்' என்றுகூடச் சொல்லவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

"இத்த அழிச்சுடு" என்றார். "மொதல்ல எழுதனதே இருக்கட்டும்."

"சிவப்பு சார் அது."

"இருக்கட்டும்."

கிளாட்வின் கரஸ்பாண்டென்ட் ரங்கையாவின் அறைக்கே போனார். அவர் கிரானைட் வியாபாரத்தில் சம்பாதித்துக் கல்லூரிக்கு வந்தவர். மேஜை மேல் ஒரு வெங்கடாசலபதி படம், ஒரு கால்குலேட்டர். யார் உள்ளே வந்தாலும் என்ன கேட்கப் போகிறான், எவ்வளவில் விட்டுவிடலாம் என்று முகத்திலேயே கணக்குப் போட்டுவிடுவார்.

"ஏமண்டி கிளாட்வின் காரு, மிஷினு சரியில்லன்றாங்களே?"

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூவராகவன் அதற்குள் ஓதியிருக்கிறார் என்று தெரிந்தது. கிளாட்வின் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை விட்டுவிட்டார். "மிஷினப் பத்தி ஒண்ணும் சொல்லல சார். நான்தான் சரியில்ல. எந்த அறிக்கையையும் படிக்காம மார்க் போட்டுட்டேன்."

ரங்கையாவின் கை கால்குலேட்டரின் மேலேயே நின்றது. முப்பது வருஷ வியாபாரத்தில் தன் சரக்கைத் தானே மட்டம் என்று சொல்கிறவனை அவர் பார்த்ததில்லை. "அந்த மிஷினெல்லாம் எதுக்கு வாங்கினேன்? உங்களுக்கு டைம் மிச்சம் ஆவணும்னுதானே?"

"மிச்சம் ஆச்சு சார். மிச்சமான டைம்ல இன்னும் மூணு செக்‌ஷன் குடுத்துட்டீங்க."

பூவராகவன் இருமினார். ரங்கையாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியாது.

"உங்க கிரானைட் லோடு வருது சார். கல்லப் பாக்காம பில்லுல கையெழுத்து போடற சூப்பர்வைசர நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"சாயந்திரம் கணக்க முடிச்சி அனுப்பிடுவேன்."

"நான் அந்த சூப்பர்வைசர்தான் சார். அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா ஒருத்திதான் நல்ல கல்லு கொண்டாந்துக்கறா. அத்தத் திருப்பி அனுப்பாதீங்க. எல்லா மார்க்கையும் ரத்து பண்ணிடறேன். ஒவ்வொருத்தனையும் எதிர்ல உக்கார வச்சி, பேப்பர மூடி வச்சிட்டு, வாயால சொல்லச் சொல்லிக் கேட்டு மார்க் போடறேன். மோனிகாவையும் அதே மாதிரி கேக்கறேன்."

ரங்கையா யோசித்தார். மிஷின் தப்பு என்று வெளியே வராது. வாத்தியார் தப்பு என்றுதான் வரும். வாங்கினவர் தலை தப்பியது. அதற்குமேல் இழுக்க என்ன இருக்கிறது? "கிளாஸ் டைம்ல கூடாது. சாயந்திரம் பண்ணுங்க. எக்ஸ்ட்ரா ஒண்ணும் கேக்கக் கூடாது. மெமோ ஒண்ணு வரும், வாங்கிக்கங்க. அடுத்த வருஷம் ஒப்பந்தம் பத்தி அப்புறம் பேசலாம்."

"சரி சார்."

வெளியே வந்ததும் பூவராகவன், "மெமோவ வெல பேசி வாங்கிக்கினு வந்த மொத ஆளு நீதான்யா" என்றார்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார். வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகள் வராந்தாவில் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மோனிகாவைத்தான் முதலில் கூப்பிட்டார். அவள் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினாள்; ஆங்கிலத்தில் இருந்த விறைப்பு பேச்சில் இல்லவே இல்லை. எழுதாததையும் சேர்த்துச் சொன்னாள். கிளாட்வின் அவளுக்கு மார்க் போட்டு, சிவப்பின் மேலேயே தன் கையெழுத்தையும் போட்டார். இப்போது மிஷின் ஒன்று சொல்கிறது, படித்துக் கேட்ட மனுஷன் ஒன்று சொல்கிறான் என்று இரண்டும் பதிவில் இருக்கும். மோனிகா நன்றி சொல்லிவிட்டு, தோழிகளுக்காக வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்து யஸ்வந்த். நல்ல சட்டை, நல்ல போன். பயம் என்பது முகத்தில் துளியும் இல்லை.

"சூட்னா இன்னா யஸ்வந்த்?"

"கார்பன் பார்ட்டிக்கல் சார்."

"மாங்காயில ஏது கார்பன்?"

"லாரி வரும் இல்ல சார். புகை."

"நீ மண்டிக்குப் போயிப் பாத்தியா?"

"நான் எதுக்கு சார் போவணும்? எங்க நைனாவுதே மாங்கா மண்டிதான்."

கிளாட்வின் பேனாவை மூடி வைத்தார். "உங்க நைனா மண்டியில ஒரு டன் இறக்கினா எத்தன கிலோவுக்குப் பணம் குடுப்பாரு?"

"தொள்ளாயிரம் சார். நூறு கிலோ சூட்ல போயி..." நின்றான். வாய் அப்படியே திறந்திருந்தது. "அந்த சூட்டா சார் இது?"

"அந்த சூட்டுதான்."

"அது எனக்குத் தெரியுமே சார். சின்னதுலருந்தே தெரியும்."

"பின்ன ஏன் எழுதல?"

"நம்ம வீட்டு விஷயத்தப் போயி ப்ராஜெக்ட்ல எழுதுவாங்களான்னு..." தலையைச் சொறிந்தான். "நீங்களும் கேக்கல சார். நான் மிஷின கேட்டேன், அது எங்க நைனாவப் பாத்ததில்ல."

கிளாட்வினுக்கு அதட்டத் தோன்றவில்லை. தோப்புக்கு நடுவில் புகைபோக்கி கட்டினவனும் இவன்தான், அதற்கு மார்க் போட்டவர் அவர்தான். "சரி, இப்ப நான் கேக்கறேன். சொல்லு. எதுக்கு எடுக்கறாங்க சூட்?"

பையன் சொன்னான். முதலில் தயங்கி, பிறகு நிறுத்தாமல். ஜூஸ் ஃபேக்டரிக்குப் போனால் அங்கேயும் கழிக்கிறார்கள், நைனா அதைத் தான் தாங்க முடியாமல் விவசாயி தலையில் இறக்குகிறார், சீசன் முடிவில் அவரும் வட்டிக்குத்தான் கடன் வாங்குகிறார் என்றான். "மோனிகா எங்களத் திருடங்க மாதிரி எழுதிக்கறா சார். ஃபேக்டரிய விட்டுட்டா."

"ஃபேக்டரி உங்ககிட்ட புடுங்கினா நீங்க எங்ககிட்ட புடுங்குவீங்களா?" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது. மோனிகாதான்.

"பின்ன நாங்க எங்க போறது?"

"நாங்க எங்க போறதுன்னு உங்க நைனா எப்பனா கேட்டாரா?"

வராந்தா மொத்தமும் கலந்துகொண்டது. ஒருவன் தன் ஊரில் சூட் இல்லை, கமிஷன்தான் அதிகம் என்றான். இன்னொருத்தி தன் மாமா மண்டிக்கே போகாமல் நேராக விற்றுக் கையைச் சுட்டுக்கொண்ட கதையை ஆரம்பித்தாள். ஐந்து செக்‌ஷன் எடுத்த காலத்தில் கிளாட்வின் இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. கண் எரிந்தது, இடுப்பு வலித்தது, அவருடைய வழக்கமான பஸ் எப்போதோ போயிருந்தது.

பூவராகவன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். "இன்னாய்யா இது, சண்டையா?"

"பாடம் சார்."

பூவராகவன் வராந்தாவில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். "இந்த வேகத்துல போனா உகாதி வந்துடும். மிஷினுக்கு ஒரு நிமிஷ வேல. இத்தன கஷ்டப்பட்டு இன்னாத்தக் கண்ட?"

கிளாட்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். குரலில் வீரம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கப் பேசின தொண்டை.

"பசங்க மிஷின வச்சி எழுதறாங்கன்னு நாம கத்தறோம் சார். ஏன் எழுதறாங்க? நாம படிக்க மாட்டோம்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். படிக்கறதுக்கு ஆள் இல்லாத எடத்துல எழுதறதுக்கு மட்டும் ஆள் எதுக்கு? மிஷின் இருந்துட்டுப் போவட்டும், இங்கிலீஷ் திருத்தட்டும், தெரியாதத சொல்லட்டும். ஆனா புள்ளைங்க சொந்தமா எழுதணும்னா, வாத்தியார் மொதல்ல சொந்தமா படிக்கணும்."